ஒரே ‘கோதிக்’, நான்கு இடங்கள்: தமிழில் எப்படி எழுதுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்குகிறீர்கள். அதில் ‘கோதிக்’ என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது: ஒரு ஜன்னல், ஒரு பழைய புத்தகத்தின் எழுத்து, ஒரு நாவல், கறுப்பு உடை போட்ட ஒரு பெண். அகராதி ‘இருண்ட, அச்சமூட்டும்’ என்கிறது. ஜன்னலுக்கு அது ஒட்டவில்லை. நான்குக்கும் பொதுவாக ஒரு தமிழ்ச்சொல் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுச்சொல் கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்குள் இருக்கும் இன்னொரு கேள்விதான் சுவாரசியமானது: சம்பந்தமே இல்லாத இந்த நான்கும் எப்படி ஒரே பெயரில் வந்து சேர்ந்தன? இதைப் பட்டப்பெயர் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஊரில் ‘ரங்கூன்காரர் வீடு’ என்றால் இப்போது அதில் குடியிருப்பவர் ரங்கூன் போனவராக இருக்க வேண்டியதில்லை. என்றைக்கோ யாரோ போனார், பெயர் வீட்டோடு தங்கிவிட்டது. கோதிக்கும் அப்படித்தான். என்ன, இங்கே பெயர் வைத்தவர்கள் திட்டுவதற்காக வைத்தார்கள்.

முதலில் அந்த ரங்கூன்காரர் யார் என்று பார்த்துவிடலாம். கோத் என்பது ஜெர்மானிய மொழி பேசிய ஓர் இனம். ரோமப் பேரரசின் எல்லையில் இருந்தவர்கள் உள்ளே வந்து, சில காலம் ரோமப் படையிலேயே வேலை பார்த்து, பிறகு சண்டையும் போட்டார்கள். 410இல் அலாரிக் தலைமையில் மேற்குக் கோத்துகள் ரோம் நகரைச் சூறையாடினார்கள். மேற்குக் கோத்துகளின் அரசு ஸ்பெயினில் 711 வரை நீடித்தது. கிழக்குக் கோத்துகள் தியோடோரிக் காலத்தில் ரவென்னாவிலிருந்து இத்தாலியை ஆண்டார்கள். இவ்வளவும் உறுதியானது. அவர்கள் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என்று 6ஆம் நூற்றாண்டில் ஜோர்டானெஸ் எழுதியது உறுதியானதல்ல. தொல்லியலாளர்களிடையே இன்னும் வழக்கு முடியவில்லை. ஆனால் அந்தக் கதையை ஸ்வீடன் விடவில்லை. அந்நாட்டு மன்னர்களின் பட்டத்தில் ‘கோத்துகளின் மன்னர்’ என்ற பொருள்பட ஒரு பகுதி 1973 வரை இருந்தது.

இந்த இனத்தோடு நேரடித் தொடர்புள்ள பொருள் ஒன்றே ஒன்று: கோதிக் மொழி. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தை அதில் மொழிபெயர்த்தார். அதற்காகக் கிரேக்க எழுத்தை அடிப்படையாக வைத்து ஓர் எழுத்துமுறையே செய்தார். அதில் 27 குறிகள், இரண்டு எண்ணுக்கு மட்டும் பயன்பட்டவை. மொழிபெயர்ப்பின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியதில் புகழ்பெற்றது ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கும் வெள்ளிச்சுவடி. ஊதா நிறம் ஏற்றிய தோல் தாளில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதியது. கோத்துகளுக்கு ஏற்கெனவே சண்டை வெறி அதிகம் என்பதால் அரசர்களின் போர்களைச் சொல்லும் ஆகமங்களை உல்ஃபிலா வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்று ஒரு பழைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். நல்ல கதை. பழைய ஏற்பாட்டுப் பகுதி ஏறக்குறைய முழுவதும் தொலைந்துவிட்டதால் சரிபார்க்க வழியில்லை. தமிழர் கண்ணில் உடனே படுவது ஒன்று உண்டு: கோதிக் மொழியில் ‘எங்கள் தந்தையே’ என்ற செபம் ‘அத்தா உன்சர்’ என்று தொடங்குகிறது. தேவாரத்தின் ‘அத்தா’வும், இன்றைக்கும் ராவுத்தர் வீடுகளில் அப்பாவைக் கூப்பிடும் ‘அத்தா’வும் நினைவுக்கு வரும். இதை வைத்து ஆராய்ச்சி எதுவும் தொடங்க வேண்டாம். குழந்தை வாயில் எளிதாக வரும் ஒலிகள் உலகமெங்கும் அப்பா அம்மாவுக்குப் பெயராகியிருக்கின்றன, அவ்வளவுதான். உங்கள் கட்டுரையில் மொழி என்றோ இனம் என்றோ வந்தால் ‘கோத் இனத்தவர்’, ‘கோதிக் மொழி’ என்று எழுதுங்கள். மற்ற எந்த இடத்திலும் கோத் மக்களை உள்ளே இழுக்காதீர்கள்.

ஏனென்றால் அடுத்த பொருளான கட்டடக்கலைக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கோதிக் கட்டடம் என்று நாம் சொல்லும் பாணியின் தொடக்கமாகப் பெரும்பாலோர் காட்டுவது பாரிஸுக்கு வடக்கே உள்ள செயிண்ட் டெனிஸ் மடாலயத்தின் கிழக்குப் பகுதி; மடாதிபதி சூஜே கட்டி 1144இல் நேர்ந்தளித்தது. ஸ்பெயினில் கோத் அரசு விழுந்து அப்போது 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அதைக் ‘கோதிக்’ என்று சொன்னவர் எவருமில்லை. ஜெர்மனியில் அதற்கு ‘பிரெஞ்சு வேலை’ என்று பெயர். பட்டப்பெயர் ஒட்டியது இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தில். ரோமானியத் தூண்களையும் அரைவட்ட வளைவுகளையும் திரும்பக் கொண்டுவந்தவர்களுக்கு இடைப்பட்ட நூற்றாண்டுகள் முழுக்கக் காட்டுமிராண்டித்தனமாகத் தெரிந்தன. ரோமைக் கெடுத்தது யார்? கோத்துகள். அப்படியானால் இந்தக் கூரான, ஒழுங்கு கெட்ட கட்டடங்களும் அவர்கள் வேலைதான். 1550இல் வெளிவந்த தன் ஓவியர் வரலாற்றில் ஜோர்ஜோ வசாரி இதைப் பச்சையாகவே எழுதினார். பழைய கட்டடங்களை இடித்துவிட்டு இந்தப் பாணியால் இத்தாலியை நிரப்பிவிட்டார்கள் என்று சாபம் வேறு கொடுத்தார். வரலாறாகப் பார்த்தால் முழுத் தவறு. ஆனால் பெயர் நின்றுவிட்டது.

சரி, ஜன்னலுக்கு வருவோம். ‘கோதிக் ஜன்னல்’ என்றால் மேல்பக்கம் கூராக முடியும் ஜன்னல். அந்தக் கூர்மை அழகுக்காக மட்டும் வந்ததில்லை என்பதைக் கயிறும் ஆணியும் வைத்துத் தரையிலேயே பார்த்துவிடலாம். 6 மீட்டருக்கு 4 மீட்டர் நீள்சதுர இடத்துக்கு மேலே கல்லால் கூரை வளைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைவட்ட வளைவின் உயரம் அகலத்தில் பாதி, மாற்ற முடியாது. 6 மீட்டர் பக்கத்தில் வளைவு 3 மீட்டர் எழும்பும், 4 மீட்டர் பக்கத்தில் 2 மீட்டர்தான். இரண்டின் தலையும் ஒரு மட்டத்தில் சேராது. ரோமானியர்கள் இடத்தைச் சதுரமாக்கித் தப்பித்தார்கள். கூர்வளைவில் அந்தச் சிக்கல் இல்லை. தரையில் 4 மீட்டர் கோடு போடுங்கள். இடது முனையிலிருந்து 3.25 மீட்டரில் ஓர் ஆணி, அதில் 3.25 மீட்டர் கயிறு கட்டி இடது முனையிலிருந்து மேல்நோக்கி வட்டத்தை இழுங்கள். வலது முனையிலிருந்தும் அப்படியே. இரண்டு கோடும் நடுவில், சரியாக 3 மீட்டர் உயரத்தில் சந்திக்கும். ஆணிகளைக் கோட்டின் இரு முனையிலேயே அடித்தால் உயரம் ஏறக்குறைய 3.46 மீட்டர்; முனைக்கு வெளியே தள்ளி அடித்தால் வேல்முனை மாதிரி ஒடுங்கிய வளைவு; இரண்டு ஆணியும் நடுவில் ஒன்றாகிவிட்டால் பழைய அரைவட்டம்தான். கயிறு இழுக்க இழுக்க நீளும், அதனால் இரண்டு பக்கமும் சமமாக வராமல் கூர்முனை ஒரு பக்கம் சாயும். மெல்லிய கம்பியோ மரச்சட்டமோ வைப்பது நல்லது. ஆக, அகலம் எதுவானாலும் உயரத்தை நீங்களே முடிவு செய்யலாம். தவிர, ஒரே அகலத்துக்குக் கூர்வளைவு அரைவட்டத்தைவிடக் குறைவாகவே பக்கவாட்டில் உதைக்கும்.

அந்த மிச்ச உதைப்பை ஏற்கத்தான் சுவருக்கு வெளியே தள்ளி ஒரு கனமான முட்டுத்தூணும், அதிலிருந்து சுவரின் தோளுக்கு ஏறும் அரைப்பாலம் போன்ற வளைவும் வந்தன. பாரம் அங்கே போய்விடுவதால் சுவர் சும்மா நிற்கிறது. சும்மா நிற்கும் சுவரில் எவ்வளவு பெரிய கண்ணாடி ஜன்னலும் வைக்கலாம். கோதிக் தேவாலயம் இருட்டாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இது வெளிச்சத்துக்காகச் சுவரைத் திறந்த பாணி. கூரையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கல் விலாக்கள் மூன்றாவது அடையாளம். முதலில் விலாக்களைச் சென்டரிங் மேல் கட்டி, இடைவெளியை மெல்லிய கல்லால் அடைத்தார்கள். கட்டி முடித்த பிறகும் விலாக்கள்தான் பாரம் தாங்குகின்றனவா என்பதில் பொறியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. போரில் குண்டு விழுந்த தேவாலயங்களில் விலா உதிர்ந்தும் கூரை நின்ற இடங்கள் இருக்கின்றன. எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சின் போவே தேவாலயம். உட்கூரை ஏறக்குறைய 48 மீட்டர். முடித்து 12 ஆண்டுகளில், 1284இல், கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. காரணம் பற்றி விவாதம் தீரவில்லை. திரும்பக் கட்டியவர்கள் தூண்களுக்கு இடையில் புதிய தூண்களை நிறுத்தினார்கள் என்பதைப் பார்த்தால், இடைவெளி அதிகம் என்று அவர்களே நினைத்தது தெரிகிறது. ஒரு எச்சரிக்கை: கூர்வளைவு மட்டும் இருந்தால் கோதிக் ஆகிவிடாது. இஸ்லாமியக் கட்டடங்களில் அது பல நூற்றாண்டு முன்பே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தைச் சிலர் கோதிக் என்று எழுதுகிறார்கள். 1892இல் திறந்த அந்தக் கட்டடம் இந்தோ-சாரசெனிக், அதாவது இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகளைக் கலந்த பாணி.

நம்மூரில் உண்மையாகவே இந்தப் பெயருக்கு உரியவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் மறுபிறப்பு: இன்றைய வடிவில் 1896இல் எழுந்த சாந்தோம் பேராலயம், மும்பையில் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1888இல் முடிந்த விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையம் (இன்றைய சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்). இவற்றை ‘நவகோதிக்’ என்று எழுதினால் துல்லியம். மும்பையின் வேறு சில கட்டடங்களை யுனெஸ்கோ 2018இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தபோது ‘விக்டோரியன் கோதிக்’ என்றே குறிப்பிட்டது. வெறும் ‘கோதிக்’ என்று போட்டுவிட்டால் வாசகர் 13ஆம் நூற்றாண்டு என்று எண்ணிவிடுவார்.

அகராதி சொல்லும் இருளும் பயமும் நாவல் வழியாக வந்தவை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘கோதிக்’ என்றால் பேச்சுவழக்கில் இடைக்காலத்தது, பழங்காலத்தது, நாகரிகம் இல்லாதது. ஒரு பக்கம் திட்டு. இன்னொரு பக்கம் ‘எங்கள் முன்னோர்களான கோத்துகள் சுதந்திரப் பிரியர்கள்’ என்று அரசியலில் அதையே பெருமையாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். இந்தச் சூழலில் ஹொரேஸ் வால்போல், லண்டனுக்கு அருகே ஸ்ட்ராபெரி ஹில்லில் தன் வீட்டையே கூர்வளைவுகளோடு மாற்றிக் கட்டியவர், 1764இல் ஒட்ரான்டோ கோட்டையைப் பற்றிய நாவலை வெளியிட்டார். முதல் பதிப்பில் தன் பெயரைப் போடவில்லை. பழைய இத்தாலியப் பிரதியின் மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிட்டார். நன்றாக விற்றதும் 1765இல் இரண்டாம் பதிப்பில் உண்மையை ஒப்புக்கொண்டு, ‘ஒரு கோதிக் கதை’ என்று துணைத்தலைப்பு வைத்தார். அவர் சொன்ன ‘கோதிக்’குக்கு ‘இடைக்காலக் கதை’ என்பதுதான் பொருள். ஆனால் அந்தக் கதையில் கல்யாண நாளன்று வானத்திலிருந்து ஒரு ராட்சதத் தலைக்கவசம் விழுந்து மாப்பிள்ளையை நசுக்குகிறது. பிறகு வந்தவர்கள் கோட்டை, சுரங்கப்பாதை, பழைய பாவம், பூட்டிய அறை என்று அதே சரக்கை எடுத்துக்கொண்டார்கள். 1818இல் ஃபிராங்கென்ஸ்டைன் வந்தபோது கதை நடப்பது 18ஆம் நூற்றாண்டில். இடைக்காலம் கழன்று விழுந்து, அச்சம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. தமிழில் ‘மர்ம நாவல்’ என்று போட்டால் துப்பறியும் கதை ஆகிவிடும். ‘பேய்க்கதை’யும் சரியில்லை, பல கோதிக் நாவல்களில் பேயே கிடையாது; அந்தக் கால நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் கடைசியில் எல்லா அமானுஷ்யத்துக்கும் சாதாரணக் காரணம் சொல்லிவிடுவார். ‘கோதிக் நாவல்’ என்றே வைத்து, முதல் முறை வரும்போது பாழடைந்த வீடும் பழைய குற்றமும் துரத்தும் கதைவகை என்று அரை வரி சேர்ப்பது என் பரிந்துரை.

எழுத்துதான் நான்கிலும் வில்லங்கமானது, ஏனென்றால் அங்கே இந்தச் சொல்லுக்கு நேர் எதிரான இரண்டு பொருள். உங்கள் கட்டுரையில் பழைய புத்தகம் என்று வருவதால் அது முதல் பொருள்: இடைக்கால ஐரோப்பாவில் பட்டை நிப்பால் எழுதிய, அடர்ந்த, முறிந்து முறிந்து ஓடும் கறுப்பெழுத்து. குட்டன்பெர்க் 1450களில் அச்சிட்ட விவிலியம் அந்த வகைதான். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பெயர்ப்பலகை இன்றும் அப்படி. இதில் பல எழுத்துகள் ஒரே மாதிரிக் குத்துக்கோடுகளால் ஆனவை. லத்தீனில் ‘மினிமும்’ என்ற சொல்லை எழுதினால் 15 குத்துக்கோடுகள் வேலி மாதிரி வரிசையாக நிற்கும், எந்த எழுத்து எங்கே முடிகிறது என்று தெரியாது. ‘இ’ ஒலிக்கான எழுத்தின் தலையில் குறி போடும் வழக்கம் இந்தத் தொல்லையிலிருந்து வந்தது. ஓலைச்சுவடியில் புள்ளியும் இல்லாமல், ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசமும் இல்லாமல் தடுமாறியவர்களுக்கு இது புரியும். ஜெர்மனியில் இதன் ஒரு வகையான ஃபிராக்டூர் 20ஆம் நூற்றாண்டு வரை சாதாரணப் புத்தக எழுத்து. அதை நாஜிகளின் எழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1941 ஜனவரி 3 தேதியிட்ட சுற்றறிக்கையில் அதை ‘யூத எழுத்து’ என்று பொய்க்காரணம் சொல்லி நிறுத்தியவர்களே அவர்கள்தான். அந்தச் சுற்றறிக்கை அடித்த தாளின் முகப்பே கறுப்பெழுத்தில் இருந்தது. இந்தப் பொருளுக்குத் தமிழில் ‘கறுப்பெழுத்து’ என்றே எழுதுங்கள். உல்ஃபிலாவின் எழுத்தோடு குழம்பாது.

இரண்டாவது பொருள் இதற்கு நேர்மாறு: எழுத்தின் முனைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் கொடுக்கு எதுவும் இல்லாத, மொட்டையான, சுத்தமான எழுத்து. 1830களில் அமெரிக்க எழுத்து வார்ப்பகங்கள் இதைக் ‘கோதிக்’ என்று விற்கத் தொடங்கின. 1902இல் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வடிவமைத்த ஃபிராங்க்ளின் கோதிக் அதில் பிரபலம். ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஊகம்தான் உண்டு: தடித்த கறுப்பாக இருந்ததால் கறுப்பெழுத்தை நினைவூட்டியிருக்கலாம் என்பார்கள். அமெரிக்காவிலிருந்து இந்த வழக்கு ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போனது. உங்கள் விண்டோஸ் கணினியின் எழுத்துருப் பட்டியலில் எம்எஸ் கோதிக், மால்குன் கோதிக் என்று தென்பட்டால் அவை இந்த மொட்டை வகை. முன்னது ஜப்பானியம், பின்னது கொரியம். அச்சகத்தில் வாடிக்கையாளர் ‘கோதிக் ஃபாண்ட்’ கேட்டால் எது வேண்டும் என்று ஒரு மாதிரி காட்டிக் கேட்டுவிடுவது உத்தமம். கல்யாணப் பத்திரிகை மொட்டை எழுத்தில் வந்தால் பரவாயில்லை. மருந்துச் சீட்டின் அளவுக்குறிப்பு கறுப்பெழுத்தில் வந்தால் ஆபத்து.

கறுப்பு உடைப் பெண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இசை என் துறை இல்லை. பிரிட்டனில் 1970களின் கடைசியில் பங்க் இசையிலிருந்து பிரிந்த கூட்டம் இது. பவ்ஹவுஸ் குழு 1979இல் வெளியிட்ட பாடல், 1931 டிராகுலா படத்தில் நடித்த பெலா லுகோசியைப் பற்றியது. 1982இல் லண்டனில் பேட்கேவ் என்ற கிளப் திறந்தது. நாவலின் அச்சம் சினிமாவுக்குப் போய், சினிமாவிலிருந்து மேடைக்கு வந்தது என்று தொடர்பைப் பிடித்துக்கொள்ளலாம். இங்கே ‘கோத் பெண்’ என்று எழுதினால் அலாரிக்கின் பேத்தி என்று வாசகர் நினைக்க இடமுண்டு. ‘கோத் பாணியில் கறுப்பு உடுத்தியவள்’ என்றால் தீர்ந்தது.

உங்கள் கட்டுரையின் ஜன்னல் அமெரிக்க ஓவியர் கிராண்ட் வுட் 1930இல் வரைந்த ‘அமெரிக்கன் கோதிக்’ ஓவியத்தில் வரும் ஜன்னல் என்று கேள்வியின் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். ஓவியத்தின் தலைப்பை ‘அமெரிக்க இருண்மை’ என்று மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். வைக்கோல் வாரும் முட்கரண்டியைப் பிடித்து முறைக்கும் கிழவரையும், பக்கத்தில் நிற்கும் பெண்ணையும் பார்த்து, அந்தக் கடுகடுப்புக்குத்தான் ‘கோதிக்’ என்று பெயர் வந்தது எனப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் தலைகளுக்கு நடுவே, பின்னால் இருக்கும் வீட்டின் மாடியைப் பாருங்கள்: கூர்முனை ஜன்னல். அயோவா மாநிலத்தின் எல்டன் என்ற சிற்றூரில் அந்த மரவீடு இன்றும் இருக்கிறது. கல் தேவாலயத்தின் கூர்வளைவை மரத்தச்சர்கள் பலகையில் வெட்டிச் சாதாரண வீடுகளுக்கு வைத்த அந்தப் பாணிக்கு அங்கே ‘தச்சர் கோதிக்’ என்று பெயர். வுட் முதலில் பார்த்து மயங்கியது வீட்டை. இப்படிப்பட்ட வீட்டில் யார் குடியிருப்பார்கள் என்று யோசித்துத்தான் தன் தங்கையையும் தன் பல் மருத்துவரையும் முன்னால் நிறுத்தினார், அதுவும் தனித்தனியாக. தலைப்பு ‘அமெரிக்கன் கோதிக்’ என்றே இருக்கட்டும். ஜன்னல் வரும் வரியில் ‘கூர்முனை ஜன்னல்’ என்று போடுங்கள்.